தளவாய் சார் செத்துப்போகும் இடம்

அந்த ஓர நாற்காலிய எனக்குக் குடுங்க அண்ணாச்சி. நீங்க ஒண்ணு தள்ளி உக்காந்துக்கிடுங்க. கோவிச்சுக்கிடாதீய. எனக்கு இன்னைக்கு ஒரு தடவ எந்திரிச்சு நிக்கணும். நடுவுல மாட்டிக்கிட்டா நாலு பேரு முழங்கால இடிச்சுக்கிட்டுத்தாம் எந்திரிக்கணும், அதுல எடுப்பு போயிரும். எந்திரிக்கது பெருசில்ல, எப்படி எந்திரிக்கோம்ங்கதுதாம் பெருசு.

சட்டையில அட்டை குத்தியிருக்கீய, நீங்க இந்த வியாபாரிகள் சங்கந்தானா? நல்லது. ஆண்டு விழாவுக்கு அவளப் புடிச்சிட்டீயளே, இப்பல்லாம் லேசுல கெடைக்க மாட்டாளே! வாசல்ல பாத்தேன், ‘சொல்லின் செல்வி மதிமலர்’னு தட்டி கட்டியிருக்கீய. படம் எம்மாம் பெருசு.

என்னது? போன்ல கேட்டிருக்கீயளா? எது, அவளோட சார் செத்துப் போனதச் சொல்லுவாளே, அதுவா? வீட்டம்மா கூட அழுதாவளா?

கொஞ்சம் கிட்ட வாங்க அண்ணாச்சி. சத்தம் போட்டுராதீய. அந்தச் செத்துப் போன தளவாய் சார் நான்தாம்.

சிரிக்காதீய. கையத் தொட்டுப் பாருங்க, சூடு இருக்குல்லா? பென்ஷன் வாங்குத மனுசன் நான். வருசா வருசம் ஆபீஸ்ல போயி, ‘ஐயா, நான் உசுரோட இருக்கேன்’னு கையெழுத்துப் போட்டுட்டு வாரேன். இவ என்னடான்னா ஊர் ஊராப் போயி எனக்குக் காரியம் பண்ணிக்கிட்டிருக்கா. எங்க தெருப் பால்காரன் என்னையப் பாத்துட்டு, ‘சார், உங்களத்தான் சொல்லுதா, நீங்க இங்க நிக்கீய’ன்னு முழிக்கான். மூஞ்சிய எங்க கொண்டு வைக்க, சொல்லுங்க.

இன்னைக்கு வரட்டும். அந்த இடத்துக்கு வந்து, ‘என் சார் இப்ப இல்ல’ன்னு சொல்லுவா. சொல்லிட்டு நிறுத்துவா. அந்த நிறுத்தல்ல நான் எந்திரிச்சு நிப்பேன். வாயத் தொறக்க மாட்டேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். சும்மா நிப்பேன். அதுக்கு மேல அவ எப்படிப் பேசுதான்னு பாப்போம்.

உங்க தலைவர் இப்பதான் மைக்கப் புடிச்சிருக்கார். அவரு லேசுல விடுத ஆளாத் தெரியல. அதுக்குள்ள சொல்லிருதேன், நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

மதிமலருங்கது நான் வச்ச பேரு. அவ நெசப் பேரு மாடத்தி. மேடையில ‘அடுத்து மாடத்தி’ன்னு கூப்பிட்டா எவன் நிமிந்து பாப்பான்? எங்க பள்ளிக்கூடத்துல எட்டாங்கிளாஸ்ல வந்து சேந்தா. அம்மா கிடையாது, கைப்பிள்ளையில போயிட்டா. அப்பன் கொம்பையா, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல ஓட்டல்ல புரோட்டா மாஸ்டர். பிள்ளை எலும்பும் தோலுமா இருப்பா, ஆனா தொண்டை! அண்ணாச்சி, அந்தத் தொண்டை! ஒரு நாள் வராண்டாவுல எவளையோ திட்டிக்கிட்டிருந்தா. நான் பாடத்த நிப்பாட்டிட்டேன். திட்டு முழுசாக் கேட்டுட்டுத்தாம் கூப்பிட்டேன்.

எனக்கு எழுத வரும் அண்ணாச்சி, பேச வராது. காலேஜ்ல ஒரு தடவ மேடை ஏறுனேன். ‘வணக்கம்’னு சொன்னேன், நாக்கு மேல ஒட்டிக்கிட்டு. தண்ணி குடிச்சேன், எறங்கி வந்துட்டேன். அதோட சரி. உள்ள கெடந்து கொதிச்சதையெல்லாம் இவ தொண்டையில ஊத்துனேன். அவ மேடையில பேசும்போது நான் முன்வரிசையில உக்காந்து வாய அசைச்சுக்கிட்டே இருப்பேன். பாக்கவன் சிரிப்பான். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்.

எப்படி வளத்தேன் தெரியுமா? தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் என் பையில எப்பவும் இருக்கும். ஐஸ் சாப்பிடக் கூடாது, வெளையாட்டுல கத்தக் கூடாது. ரோஸ்லின்னு ஒரு பிள்ளைகூட எப்ப பாரு கெக்கேபிக்கேன்னு சிரிச்சுக்கிட்டு இருப்பா, அந்தச் சேர்க்கைய வெட்டி விட்டேன். ‘அவ உன்னையப் பத்தி வேற மாதிரி பேசுதாம்மா’ன்னு ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதாம், தானா வெலகிட்டா. அப்புறம் வீட்டுல பேசிப் பாக்கவே கூடாதுன்னுட்டேன். ‘வீட்டுல பேசுனா வாய் செத்துப் போயிரும், எதுனாலும் என் முன்னாடி மட்டும் பேசு.’ அதனால கொம்பையா ஒரு பேச்சுங்கூடக் கேட்டதில்ல. புரோட்டாக் கல்லுகிட்ட நிக்கவனுக்கு என்ன தெரியப் போவுது? ‘சார்வாள், எம்மக என்னவோ பேசுதாளாமே, எப்ப கேக்கலாம்?’னு எந்த நேரமும் பல்லக் காட்டிக்கிட்டு நிப்பான். ‘நேரம் வரும்’பேன்.

எல்லாம் யாரு நல்லதுக்கு? எனக்கா?

ஒரு போட்டி வந்துச்சு. ‘என்னை உருவாக்கியவர்’னு தலைப்பு. இவளா எழுதிக்கிட்டு வந்தா. அப்பனைப் பத்தி. விடியக்காலம் எந்திரிச்சு மாவு பிசைவாரு, வெந்த கையோட வந்து எனக்குச் சடை பின்னி விடுவாரு, சடையெல்லாம் எண்ணெயும் மாவுமா இருக்கும், பள்ளிக்கூடத்துல என்னைய புரோட்டான்னு கூப்பிடுவாங்கன்னு. நல்லாத்தாம் இருந்துச்சு. சனம் சிரிச்சுது. சிரிச்சா ரெண்டாம் பரிசுதாம் அண்ணாச்சி. எங்கயும் அதாம் கணக்கு. மொதப் பரிசு கண்ணீருக்கு.

வரும்போது பஸ்ல வச்சுச் சொன்னேன். ‘எல்லாம் சரிம்மா. ஒரே ஒரு வரி மட்டும் மாத்துவோம். அப்பா இப்ப இல்லன்னு கடைசியில சொல்லிரு.’

அவ என்னையே பாத்தா. ‘சார், அம்மா இல்லன்னு சொல்லுதேனே. அது நெசந்தானே.’

‘எல்லாப் பிள்ளையும் அம்மாவத்தாம் சொல்லுது. உனக்கு அம்மா மொகமே ஞாபகம் இல்ல, அதாம் கொரல்ல நடுக்கம் வரல. அப்பாவச் சொன்னா உனக்கு நடுங்கும்.’

‘உசுரோட இருக்கவரச் செத்துட்டாருன்னு சொன்னா, அவருக்கு ஏதாவது ஆயிராதா சார்?’

‘போட்டி மேடையில சொல்லுததுக்கு என்னம்மா? பொய்யாச் செத்துப் போனதாச் சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு ஊருல சொல்ல மாட்டாவளா? நீ சொல்லச் சொல்ல உங்க அப்பாவுக்கு ஆயுசு கூடும்.’

மாட்டேன்னுட்டா. அழுதுக்கிட்டே மாட்டேன்னுட்டா. நான் கட்டாயப்படுத்துனேன்னு மட்டும் நெனைக்காதீய. ஒரு வார்த்தை திட்டல. பேசாம இருந்துட்டேன். அவ்வளவுதாம் செஞ்சேன். எதுத்தாப்ல வந்தா வேற பக்கம் பாப்பேன். சாயங்காலம் பேசிப் பழகும்போது அவ நிக்குத எடத்துல ரோஸ்லினக் கூப்பிட்டு நிக்க வச்சேன், அது ‘அவையோரே’ன்னு சொன்னாலே ஆடு கத்துத மாதிரி இருக்கும். ஆனாலும் ‘பேஷ், பேஷ்’னேன். மிளகும் கற்கண்டும் அதுகிட்ட குடுத்தேன். இவ ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டிருந்தா. சோறு திங்கலைன்னு கொம்பையா வந்து புலம்புனான். ‘பிள்ளை கொஞ்சம் மனசு சரியில்லாம இருக்கா, தானாச் சரியாயிரும்’னு சொல்லி அனுப்புனேன்.

சரியாச்சுல்லா. ஒரு நாள் தானா வந்து முன்னால நின்னா. ‘சொல்லிருதேன் சார்’னா.

அப்புறந்தாம் அந்த நிறுத்தலச் சொல்லிக் குடுத்தேன். அது என் சொத்து அண்ணாச்சி, எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது. ‘அப்பா இல்ல’ன்னு சொன்ன ஒடனே வாய மூடிரணும். அழக் கூடாது. கீழ பாக்கக் கூடாது. கூட்டத்துல எவனாவது ஒருத்தன் மூக்க உறிஞ்சுவான் பாருங்க, அந்தச் சத்தம் கேக்குத வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. எம்புட்டு நேரம் ஆனாலும் சரி. மொத மூக்கு உறிஞ்சிட்டுன்னா கூட்டம் நம்ம கையில. அடுத்த வரிக்குப் போயிரலாம்.

மாவட்டப் போட்டி. பெரிய மண்டபம். இவ ஏறிட்டா, நல்லாப் போயிக்கிட்டிருக்கு. அந்த இடம் வருது, நான் எதுக்கோ திரும்பிப் பாக்கேன், கடைசி வரிசையில கொம்பையா! எவனோ சொல்லியிருக்கான். புதுச் சட்டை, மடிப்புக் கூடக் கலையல. தலைக்கு எண்ணெ தேச்சு, வாயெல்லாம் பல்லா உக்காந்திருக்கான். எந்திரிச்சு, ‘ஏ தாயி, நான் இங்க இருக்கேன்லா’ன்னு கத்துனான்னா எல்லாம் போச்சு. அவளும் பாத்துட்டா. பாத்துட்டு என்னையப் பாத்தா. நான் என்ன செய்ய? தலைய லேசா ஆட்டுனேன். சொல்லுன்னு.

சொன்னா.

‘அந்த மாவுக் கை இப்ப இல்ல’ன்னா. நிறுத்துனா. மண்டபமே மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கு. எந்திரிச்சிருவானோ, எந்திரிச்சிருவானோன்னு இருக்கேன். மொத மூக்குச் சத்தம் எங்கருந்து வந்துச்சுங்கீய? கடைசி வரிசையில இருந்துதாம். அவன்தாம். அப்புறம் மண்டபமே உறிஞ்சுது. பேசி முடிச்சதும் எல்லாருக்கும் முன்னால கை தட்டுனதும் அவன்தாம். எப்படிப்பட்ட மனுசன் பாருங்க! நீ செத்துட்டேன்னு சொல்லுதா, உக்காந்து கை தட்டுதான். நானா இருந்தா நடக்குமா?

மொதப் பரிசு. நான் வெளிய போயி அவனப் புடிச்சேன். ‘சார்வாள், எம்மக நல்லாப் பேசுதா’ன்னான். நான்தாம் வெவரத்த எடுத்துச் சொன்னேன். ‘கொம்பையா, அடுத்தது மாநிலப் போட்டி. எவனாவது வந்து விசாரிச்சு, நீ உசுரோட புரோட்டா வீசிக்கிட்டு நின்னேன்னா, பிள்ளை பொய் சொன்னவள்னு ஆயிரும். கொஞ்ச நாளைக்குக் கண்ணுல படாம இரு.’ தப்பா சொன்னேன்? அவனும் சரின்னான். கேரளாவுல புனலூர்ல ஒரு ஓட்டலுக்கு ஆள் கேட்டாவன்னு மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டான். பிள்ளை அத்தைக்காரி வீட்டுல இருந்தா. அப்பாகூடப் போன்ல பேசணும்னு பிள்ளை கேப்பா, ‘போட்டி முடியட்டும்மா, மனசு கலைஞ்சிரும்’பேன். அங்கருந்து போன் வந்தா என் போனுக்குத்தாம் வரும். ‘நல்லா இருக்கா’ன்னு நான் சொல்லிருவேன்.

தலைவர் முடிச்சிட்டாரா? இல்ல, பொன்னாடை போத்துதாவ. நேரம் இருக்கு.

மாநிலப் போட்டி அன்னைக்குக் காலையில போன் வந்துச்சு. புனலூர் ஆஸ்பத்திரியில இருந்து. நெஞ்சு வலின்னு கொண்டாந்தாவளாம், முடிஞ்சு போச்சாம். நான் போன வச்சுட்டு யோசிச்சேன். நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. போன உசுரு திரும்பவா போவுது? சொன்னா அவ ஓடுவா. பேச்சு போயிரும், அத்தனை நாள் பட்ட பாடும் போயிரும். பேசி முடிக்கட்டும், சாயங்காலம் சொல்லிக்கிடலாம்னு இருந்துட்டேன். மிளகு குடுத்தேன், தலையத் தடவி ஏத்தி விட்டேன்.

அன்னைக்குப் பேசுனா பாருங்க! ‘அப்பா இப்ப இல்ல’ன்னா. அவளுக்குத் தெரியாது, எனக்கு மட்டுந்தாம் தெரியும். எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அப்படி ஒரு பேச்ச நான் வாழ்க்கையில கேட்டதில்ல. கோப்பையும் கையுமா சிரிச்சுக்கிட்டு எறங்கி வந்தா. அப்பதாம் சொன்னேன், பக்குவமா. நானே கார் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். மலை தாண்டிப் போயிச் சேருததுக்குள்ள அவன்கூட வேலை பாத்தவங்க எடுத்து முடிச்சிட்டாவ. எவ்வளவு நேரம்தாம் வச்சிருப்பாவ, பாவம். கார்ல போகும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டா. ‘சார், உங்களுக்கு எப்பத் தெரியும்?’ நான் பொய் சொல்லுத ஆள் இல்ல. ‘காலையில’ன்னேன்.

அன்னைக்கோட என்கூடப் பேச்சு நின்னுபோச்சு. பிள்ளை மாதிரி வளத்தேன். ஒரு நன்றி கிடையாது. காலேஜ் போனா, பேர் வாங்குனா, டிவியில வந்தா. நான் வச்ச பேரு, நான் வச்ச நிறுத்தல், எல்லாம் வேணும், நான் வேண்டாம். அப்பனைப் பத்தி இப்ப எந்த மேடையிலயும் மூச்சு விடுததில்ல. போன வருசந்தாம் திடீர்னு என்னையக் கொல்ல ஆரம்பிச்சா. ‘என் சார் போயிட்டாரு, எனக்கு யாரும் சொல்லல, அவரு கெடந்த நேரத்துல நான் மேடையில நின்னேன்’னு. அந்த ‘யாரும் சொல்லல’ங்குத இடத்த எங்கருந்து புடிச்சாளோ, அது மட்டும் நான் சொல்லிக் குடுத்ததில்ல. ஆனா நல்லா இருக்கு, இல்லங்கல.

ஷ்... வந்துட்டா. அதோ, நீலச் சேலை. சடை போடல பாருங்க, முடிய வெட்டிட்டா.

வணக்கம் சொல்லுதா. கொரலு கெடவே இல்ல.

பாக்கா. வரிசை வரிசையாப் பாக்கா. இதுவும் நான் சொல்லிக் குடுத்ததுதாம், பேசுததுக்கு முன்னால கூட்டத்த ஒரு தடவ அளந்துரணும்... பாத்துட்டா. அண்ணாச்சி, என்னையப் பாத்துட்டா. கண்ணு நின்னுபோச்சு பாருங்க.

இனிமே அந்த இடத்துக்கு வர மாட்டா. தாண்டிப் போயிருவா. ஆள எதுத்தாப்ல வச்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவா? நான் எந்திரிக்கவே வேண்டாம்போலத் தெரியுது.

இல்ல அண்ணாச்சி. வாரா. அந்தப் பக்கமாத்தாம் வாரா. கேளுங்க.

“எனக்குப் பேர் வைத்தவர் தளவாய் சார். எங்கே பேச வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லித் தந்தவர். அவர் போய்விட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கிடந்த நேரத்தில் நான் மேடையில் நின்றேன், கோப்பையை வாங்கிச் சிரித்தேன்...”

என்னையப் பாத்துத்தாம் சொல்லுதா. கண்ண எடுக்கல.

“...புனலூர் ஆஸ்பத்திரியில், பக்கத்தில் யாரும் இல்லாமல் போனார். அவர் இப்போது இல்லை.”

புனலூரா? போன்ல கேட்டப்ப புனலூர் கிடையாதே. நான் எங்க புனலூர்ல...

அண்ணாச்சி, அது என் சாவு இல்ல.

நிறுத்திட்டா. தொடையத் தட்டாதீய, தெரியும், இதாம் இடம். எந்திரிக்கணும். எந்திரிக்கேன். கொஞ்சம் இருங்க. எப்படி நிக்கா பாருங்க. அழல, கீழ பாக்கல. சொல்லிக் குடுத்த மாதிரியே நிக்கா. நான் எந்திரிச்சா எல்லாம் கெட்டுப் போயிரும்லா. ஏன் ஒரு சத்தத்தையும் காணோம்? எம்புட்டு நேரந்தாம் நிப்பா பிள்ளை? ஒருத்தனும் உறிஞ்ச மாட்டேங்கானே. யாராவது உறிஞ்சுங்களேன்...

என்ன அண்ணாச்சி, என்னையப் பாக்கீய?

ஆமா. உறிஞ்சது நான்தாம்.

அடுத்த வரிக்குப் போயிட்டா. கேட்டீயளா, எல்லாரும் உறிஞ்ச ஆரம்பிச்சிட்டாவ. துண்டு இருந்தாக் குடுங்க. இந்தா, தட்டுதாவ பாருங்க, நீங்களும் தட்டுங்க. நானும் தட்டுதேன்.

அண்ணாச்சி, கொம்பையாவும் அன்னைக்கு ஓர நாற்காலியிலதாம் உக்காந்திருந்தான்.